பாலைக் குளவியை இனம் கண்டு விவரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மணலில் குழி தோண்டும் குளவி ஒன்றைப் பிடித்து வந்து, "இது என்ன இனம்? ஒருவேளை புதியதாக இருக்குமோ?" என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நிறத்தைப் பார்த்து ஒரு பெயரை முதலிலேயே மனதில் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் அந்தப் பெயருக்குப் பொருந்தும் அடையாளங்களாகத் தேடுகிறார்கள். தேடினால் கிடைக்கவும் செய்யும். வேலை நடக்க வேண்டிய வரிசை இதற்கு நேர்மாறானது. பால், குடும்பம், பேரினம், இனம் என்று படிப்படியாக இறங்க வேண்டும். பெயர் கடைசியில்தான் வர வேண்டும்.

கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே தந்திருக்கிறேன். ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் எழுதியிருக்கிறேன். காரணம் தெரியாத படியைத்தான் புதியவர்கள் முதலில் தாண்டிப் போகிறார்கள்.

1. கிளம்பும் முன்

முதலில் அனுமதி. பாதுகாக்கப்பட்ட நிலத்தில் பூச்சி பிடிக்கவும், மாதிரிகளை நாடு விட்டு நாடு அனுப்பவும் பெரும்பாலான நாடுகளில் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். உயிரின வளங்களைப் பெறுவதையும் அவற்றின் பயனைப் பகிர்வதையும் ஒழுங்குபடுத்தும் சர்வதேச ஒப்பந்தமான நகோயா நெறிமுறை 2014இல் நடைமுறைக்கு வந்த பிறகு, அனுமதிக் காகிதம் இல்லாத மாதிரிகளை ஏற்கப் பல அருங்காட்சியகங்கள் தயங்குகின்றன. அனுமதியில்லாமல் பிடித்த குளவியை வைத்து ஒரு புதிய இனத்தை விவரித்தால், மாதிரியை ஒப்படைக்க வேண்டிய கடைசிப் படியில் எல்லாம் நின்றுவிடும்.

கருவிகள் அதிகமில்லை. பூச்சி வலை, எத்தில் அசிட்டேட் ஊற்றிய கண்ணாடிப் புட்டி, பூச்சி ஊசிகள், பத்து மடங்கு கைலென்ஸ், வீட்டிலோ ஆய்வகத்திலோ ஒரு ஸ்டீரியோ நுண்ணோக்கி. புட்டி கண்ணாடியாகவே இருக்கட்டும். எத்தில் அசிட்டேட் பல வகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பழைய நூல்களில் சயனைடு புட்டியைப் பரிந்துரைப்பார்கள். அதைத் தொடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். குளவியின் மஞ்சள் பட்டைகளை அது சிவப்பாக மாற்றிவிடும் என்பது இன்னொரு பக்கம். அப்படி மாறிய சிவப்பை உண்மை நிறம் என்று நம்பி யாராவது விவரித்துவிட்டால், பின்னால் வருபவர்கள் அத்தனை பேரும் குழம்புவார்கள்.

நுண்ணோக்கிக்கு ஒளி முக்கியம். கூர்மையான ஒற்றை விளக்கில் உடல் பளபளத்து, மேற்பரப்பின் நுண்குழிகள் மறைந்துபோகும். விளக்குக்கும் மாதிரிக்கும் நடுவே ஒரு மெல்லிய வெள்ளைத் தாளைப் பிடித்தாலே போதும், குழிகள் தெளிவாகத் தெரியும்.

2. களத்தில்: பிடிப்பதற்கு முன் கவனிப்பது

பாலை மணலின் மேற்பரப்பு நண்பகலில் 60 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அதனால் பல இனங்கள் காலையிலும் பிற்பகல் வெயில் தாழ்ந்த பிறகும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். சில கூட்டங்கள் இரவில் மட்டுமே பறக்கும். அவற்றின் ஆண்கள் தலையுச்சியில் பெரிய தனிக்கண்களோடு வெளிர் பழுப்பு நிறத்தில் இருக்கும், விளக்கொளிக்கு வரும். பகலில் மட்டும் வலை வீசினால் அந்தப் பாதி உலகம் கண்ணில் படவே படாது.

குளவியைக் கண்டதும் வலையை வீசாதீர்கள். ஐந்து நிமிடம் பாருங்கள். அது எதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்பதே பேரினத்துக்கான முதல் துப்பு. பெம்பிக்ஸ் ஈக்களைக் கொண்டுபோகும். அம்மோபிலா கம்பளிப்புழுக்களையும், பிரியோனிக்ஸ் வெட்டுக்கிளிகளையும், ஃபிலாந்தஸ் தேனீக்களையும் வேட்டையாடும். பொம்பிலிடே குடும்பம் முழுக்கச் சிலந்தி வேட்டை. இரையோடு பிடிபட்டால் இரையையும் அதே ஊசியிலோ, அதே எண்ணிட்ட குப்பியிலோ வையுங்கள். தனித்தனியாக வைத்த இரையும் குளவியும் பிற்பாடு சேர்ந்ததே இல்லை என்பது நான் பலமுறை பார்த்தது.

கூட்டின் வாயில் மூடியிருக்கிறதா, வெளியே மண் குவிந்திருக்கிறதா அல்லது பரப்பிவிடப்பட்டிருக்கிறதா, மணல் தளர்வானதா இறுகியதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இறந்த மாதிரியிடம் இதை மறுபடி கேட்க முடியாது.

தட்டுப்பொறி வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மஞ்சள் தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைப்பது எளிய வழிதான். ஆனால் பாலையில் அது சில மணி நேரத்தில் வற்றி, உள்ளே விழுந்த குளவிகள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். புரோப்பிலீன் கிளைகால் கலந்து வையுங்கள், அல்லது ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். அப்புறம், ஒரே இடத்தில் ஒன்றிரண்டு மாதிரிகளோடு திருப்தி அடையாதீர்கள். இரு பாலிலும், முடிந்தால் வெவ்வேறு இடங்களிலிருந்தும் மாதிரி தேவைப்படும். காரணம் 7ஆம் படியில் வரும்.

3. ஊசியும் லேபிளும்

பெரிய குளவியை நடு உடலில், நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாகக் குத்த வேண்டும். நடுவில் குத்தினால் அங்குள்ள வரிப்பள்ளமும் குழிகளும் சிதையும். வலப்புறம் சிதைந்தாலும் இடப்புறம் முழுதாக மிஞ்சும். சிறிய குளவிகளை முக்கோண அட்டை நுனியில் ஒட்டுங்கள். பசை முகத்தையும் அடிவயிற்றையும் மூடக் கூடாது.

காய்வதற்கு முன்பே தாடைகளைத் திறந்து வையுங்கள். ஆணாக இருந்தால் வயிற்றின் நுனியிலிருந்து பிறப்புறுப்பை வளைந்த ஊசியால் மெல்ல வெளியே இழுத்துவிடுங்கள். புதிய மாதிரியில் இது ஒரு நிமிட வேலை. காய்ந்த பிறகு என்றால், ஈரப்பெட்டியில் ஒன்றிரண்டு நாள் வைத்து இளக வைத்துத்தான் செய்ய முடியும்.

லேபிளில் நாடு, மாநிலம், இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி, பிடித்தவர், பிடித்த முறை அனைத்தும் இருக்க வேண்டும். தசமப் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் போட்டால் இடம் ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியத்துக்கு வரும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுங்கள். 5.4 என்று எழுதினால் ஏப்ரல் 5 என்று ஒருவரும் மே 4 என்று இன்னொருவரும் படிப்பார்கள். பாலையில் சில இனங்கள் வருடத்தில் சில வாரங்கள்தான் வெளியே வரும். ஒரு மாதம் பிசகினால் பருவம் பற்றிய செய்தியே பிழையாகிவிடும்.

லேபிளை அன்று மாலையே எழுதுங்கள். "நினைவிருக்கும், நாளைக்கு எழுதலாம்" என்று வைத்த ஒரு பெட்டி மாதிரிகளை நானே கடைசியில் ஆய்வுக்குப் பயன்படாதவை என்று ஒதுக்க வேண்டி வந்தது. அதில் இருந்த ஒரு வரிசை செர்செரிஸ் குளவிகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

4. முதல் கேள்வி: ஆணா, பெண்ணா?

இதைத் தாண்டிப் போகாதவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கொட்டும் குளவிகளில் பொதுவாகப் பெண்ணின் உணர்கொம்பில் 12 கணுக்கள், ஆணுக்கு 13. வயிற்றில் மேலிருந்து தெரியும் வளையங்கள் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7. இரண்டையும் எண்ணுங்கள், ஒன்று மற்றொன்றைச் சரிபார்க்கும். மின்னும் பச்சை நீல நிறத்தில் இருக்கும் கிரைசிடிடே குடும்பத்தில் இந்தக் கணக்கு உதவாது. அங்கே இரு பாலுக்கும் 13 கணுக்கள். தெரியும் வயிற்று வளையங்களும் குறைவு.

பாலை ஏன் முதலில் அறிய வேண்டும்? இனங்காணும் திறவுகோல்கள், அதாவது அடையாளம் அடையாளமாகக் கேட்டுப் பெயருக்கு இட்டுச்செல்லும் கேள்வி வரிசைகள், பெரும்பாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக எழுதப்பட்டவை. பெண் குளவியின் முன்னங்கால் பாதத்தில் மணலை வாரித் தள்ளும் சீப்பு போன்ற முள்வரிசை இருக்கும். ஆண் கூடு தோண்டாது. அதனால் அந்த வரிசை அதற்கு இருக்காது, அல்லது மிகச் சிறியதாக இருக்கும். இது தெரியாமல் "முள்வரிசை இல்லை, எனவே வேறு இனம்" என்று எழுதியவர்கள் உண்டு.

வெல்வெட் எறும்பு என்று பெயர் பெற்ற மியூட்டிலிடே குளவிகளில் வேறுபாடு இன்னும் பெரிது. பெண்ணுக்குச் சிறகே கிடையாது. மணலில் ஓடும் மயிரடர்ந்த எறும்பு போலவே இருக்கும். ஆணுக்குச் சிறகு உண்டு. பார்வைக்கு எந்த ஒற்றுமையும் தெரியாது. ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் இரண்டு பெயர்களில் பதிவானது இந்தக் குடும்பத்தில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

5. உடலின் வரைபடம், பிறகு குடும்பம்

குடும்பத்துக்குப் போகும் முன் ஒரு விஷயம். குளவியின் ஒடுங்கிய இடுப்புக்கு முன்னால் இருப்பது மார்பு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வயிற்றின் முதல் வளையம் மார்போடு ஒட்டிப்போய் இடுப்புக்கு முன்னாலேயே இருக்கிறது. அதற்குப் பெயர் புரோப்போடியம். இதனால்தான் குளவி ஆய்வாளர்கள் மார்பு, வயிறு என்று சொல்லாமல் மீசோசோமா, மெட்டாசோமா என்கிறார்கள். திறவுகோலில் முதல் வளையம் என்று வந்தால் அது இடுப்புக்குப் பின்னால் வரும் மெட்டாசோமாவின் முதல் வளையம். இந்த எண்ணிக்கையில் ஒன்று பிசகினால் திறவுகோல் முழுவதும் ஒரு வளையம் தள்ளிப்போகும்.

இப்போது குடும்பம். முன்மார்பின் பின்விளிம்பு சிறகின் அடியில் இருக்கும் சிறு செதிலைத் தொடுகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். தொடாமல், உருண்டையான மடலாகத் தனித்து நின்றால் அது ஸ்பீசிடே, கிராப்ரோனிடே போன்ற வேட்டைக் குளவிகளின் கூட்டம். அதே கூட்டத்தில் தேனீக்களும் அடங்கும். தேனீயா குளவியா என்ற சந்தேகம் வந்தால் மயிரைப் பாருங்கள். தேனீயின் மயிர்களில் சிலவாவது கிளைவிட்டிருக்கும்; குளவியின் மயிர் கிளையில்லாதது.

செதிலைத் தொட்டால் மற்ற குடும்பங்கள். மீசோசோமாவின் பக்கத் தகட்டைச் சாய்வான ஒரு பள்ளம் மேல் கீழாகப் பிரித்து, பின்னங்கால்களும் நீண்டிருந்தால் பொம்பிலிடே. அமர்ந்திருக்கும்போது முன்சிறகை நீளவாக்கில் மடித்து வைத்து, கூட்டுக்கண்ணின் உள்விளிம்பில் வெட்டு இருந்தால் பெரும்பாலும் வெஸ்பிடே. சிறகின் நுனிப்பகுதி முழுக்க மெல்லிய நீளச் சுருக்கங்கள் இருந்தால் ஸ்கோலிடே.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பழைய நூல்களில் வேட்டைக் குளவிகள் எல்லாம் ஸ்பீசிடே என்ற ஒரே குடும்பம். பிறகு கிராப்ரோனிடே தனியானது. அண்மை வகைப்பாட்டில் கிராப்ரோனிடேயையும் உடைத்து, பெம்பிசிடே, ஃபிலாந்திடே என்று பல குடும்பங்களாக்கியிருக்கிறார்கள். ஒரே பெம்பிக்ஸ் மூன்று குடும்பப் பெயர்களில் உங்கள் கண்ணில் படும். அது பிழையில்லை, காலத்தின் வேறுபாடு. எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை உங்கள் கட்டுரையில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

6. பேரினம்

பேரினத்துக்கு மூன்று இடங்களைப் பாருங்கள்: சிறகு நரம்புகள், தனிக்கண்கள், இடுப்பு.

முன்சிறகின் மேல்விளிம்பை ஒட்டி வரிசையாக இருக்கும் அறைகளின் எண்ணிக்கையையும் வடிவத்தையும் வரைந்துகொள்ளுங்கள். புகைப்படம் எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். வரையும்போதுதான் எந்த நரம்பு எங்கே சேர்கிறது என்று கண் உண்மையில் பார்க்கும். செர்செரிஸில் இரண்டாவது அறை மேலே ஒரு சிறு காம்பில் தொங்குவது போல இருக்கும். வயிற்று வளையங்களுக்கு இடையே இறுக்கிக் கட்டியது போன்ற பள்ளங்களும் தெரியும்.

தலையுச்சியில் இருக்கும் மூன்று தனிக்கண்கள் பல பேரினங்களில் உருமாறியிருக்கும். டாக்கிஸ்பெக்ஸில் பின் இரண்டும் தட்டையாகச் சிதைந்திருக்கும். பெம்பிக்ஸில் முன் தனிக்கண் ஒரு கீறல் வடு போலச் சுருங்கியிருக்கும். மேலுதடும் அலகு போல நீண்டு கீழே தொங்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெம்பிக்ஸைத் தவறவிடவே முடியாது.

நூலிழை போன்ற இடுப்பு இருந்தால் அம்மோபிலாவும் பொடலோனியாவும் நினைவுக்கு வர வேண்டும். அம்மோபிலாவின் காம்பு இரண்டு துண்டு சேர்ந்தது போல நீளமாக இருக்கும். பொடலோனியாவில் ஒரே துண்டு, அதன்பின் வயிறு சட்டென்று பருக்கும்.

உலக அளவில் பேரினத் திறவுகோல் வேண்டுமென்றால் போகார்ட்டும் மென்கியும் 1976இல் வெளியிட்ட ஸ்பீசிட் குளவிகள் பற்றிய நூல்தான் இன்றும் அடித்தளம். பேரினம் கிடைத்ததும் உங்கள் பகுதிக்கான திருத்தாய்வு (அந்தப் பேரினத்தின் இனங்களை எல்லாம் மறுபடி ஆராய்ந்து எழுதிய கட்டுரை) இருக்கிறதா என்று தேடுங்கள். பெயர்களின் முழு வரலாற்றையும் கலிபோர்னியா அறிவியல் அகாதமி பராமரிக்கும் ஸ்பீசிடே அட்டவணையில் இலவசமாகப் பார்க்கலாம்.

7. இனம்: இங்கேதான் பொறுமை வேண்டும்

பெம்பிக்ஸில் 300க்கும் மேற்பட்ட இனங்கள், செர்செரிஸில் 800க்கும் மேல். இந்தக் கூட்டத்தில் ஒன்றைப் பிரித்தெடுக்க எந்த அடையாளத்தை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் முழுத் திறமையும்.

*நிறத்தை நம்பாதீர்கள்.* வறண்ட பகுதிகளில் மஞ்சளும் வெண்மையும் பரவி, அதே இனம் ஈரமான பகுதியில் கறுத்திருப்பது பல குளவிகளில் உண்டு. போதாததற்கு, வட அமெரிக்கப் பாலைகளின் வெல்வெட் எறும்புகளில் உறவில் தள்ளியிருக்கும் பல இனங்கள் ஒரே நிற அமைப்பைச் சூடியிருக்கின்றன. எல்லாமே கடுமையாகக் கொட்டக்கூடியவை என்பதால் ஒரே எச்சரிக்கை நிறம் எல்லாவற்றுக்கும் லாபம். அங்கே நிறம் எந்த ஊர்க் குளவி என்று சொல்லுமே தவிர, எந்த இனம் என்று சொல்லாது.

*உடல் நீளத்தை நம்பாதீர்கள்.* தாய் கூட்டுக்குள் எவ்வளவு இரை வைத்தாளோ அந்த அளவுக்குத்தான் பிள்ளை வளரும். இரை குறைந்த வருடத்தில் அதே இனம் கண்ணுக்குத் தெரியும் அளவு சிறுத்துப் பிறக்கும். தவிர, வயிற்று வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சுருங்கக்கூடியவை. இறந்த பிறகு எப்படிக் காய்ந்ததோ அதைப் பொறுத்து நீளம் மாறும். முன்சிறகு நீளமும் தலை அகலமும் நம்பகமானவை.

*தேய்மானத்தைக் கணக்கில் எடுங்கள்.* மற்ற நிலங்களின் குளவிகளைவிடப் பாலைக் குளவிகளுக்கு இது அதிகம் பொருந்தும். மணல் என்பது உப்புத்தாள். உடலில் படிந்திருக்கும் வெள்ளி மயிர் சில வாரங்களில் உதிர்ந்து, வெளுத்த குளவி கறுத்ததாகத் தோன்றும். சிறகு நுனிகள் கிழியும். இறுகிய மண்ணைக் கடித்துத் தோண்டும் பெண்களின் தாடைப் பற்கள் மழுங்கி மறைந்தே போகும். தாடையில் உள்பல் இல்லாத பெண்கள் மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு, புதிய இனம் என்று நான் ஒரு பருவம் முழுக்க நம்பியிருந்தேன். அடுத்த பருவத்தின் முதல் வாரத்தில் அதே மணல்மேட்டில் பிடித்த பெண்ணுக்குப் பல் கூர்மையாக இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதிரியிலும் சிறகு விளிம்பின் தேய்மானத்தை முதலில் குறிக்கிறேன். சிறகு கிழிந்திருந்தால் அதன் தாடையையும் மயிரையும் சாட்சியாக எடுப்பதில்லை.

*ஒட்டுண்ணியைத் தேடுங்கள்.* வயிற்று வளையங்களுக்கு இடையே பழுப்பு நிறத்தில் ஒரு சிறு மொட்டு துருத்திக்கொண்டிருந்தால் அது ஸ்ட்ரெப்சிப்டெரா என்னும் ஒட்டுண்ணி. அது தங்கிய குளவியின் நிறமும் உடல் விகிதமும் சில சமயம் பால் அடையாளங்களும் மாறக்கூடும். அப்படிப்பட்ட மாதிரியை ஒப்பீட்டிலிருந்து விலக்கி வையுங்கள்.

சரி, எதைத்தான் நம்புவது? வாய்க்கு மேலே இருக்கும் கிளைபியஸ் தகட்டின் கீழ்விளிம்பு வடிவம். உணர்கொம்புக் கணுக்களின் நீள அகல விகிதம். கூட்டுக்கண்களுக்கு இடையேயான தூரம் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்ற ஒப்பீடு. மேற்பரப்புக் குழிகளின் அடர்த்தி. குழிகளை "நெருக்கமானவை" என்று எழுதாதீர்கள். ஒருவருக்கு நெருக்கம் இன்னொருவருக்கு இடைவெளி. "குழிகளுக்கு இடைப்பட்ட தூரம் ஒரு குழியின் விட்டத்தில் பாதி" என்று எழுதினால் யாரும் அளந்து பார்க்கலாம்.

ஒவ்வோர் அடையாளத்தையும் ஒரே மாதிரியில் பார்த்து நிறுத்தாதீர்கள். பாலுக்குப் பத்து மாதிரிகளாவது அளந்து, குறைந்தபட்சம் அதிகபட்சம் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றுக்குள்ளேயே எவ்வளவு மாறுகிறது என்று தெரியாமல், இரண்டுக்கு இடையே இருப்பது வேறுபாடா என்று சொல்ல வழியில்லை.

8. ஆணின் பிறப்புறுப்பு

வெளி உடலில் பிரிக்க முடியாத இனங்கள் பலவற்றை இது பிரித்துக் காட்டும். முன்பே வெளியே இழுத்து வைத்திருந்தால் அப்படியே பார்க்கலாம். இல்லையென்றால் பிரித்தெடுத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மிதமான சூட்டில் தசையைக் கரைத்து, நீரில் கழுவி, கிளிசரினில் வைத்துப் பாருங்கள். கரைசலில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். நேரம் கூடினால் மெல்லிய பாகங்கள் நிறமிழந்து ஒளி ஊடுருவும்படி ஆகிவிடும்.

மேலிருந்து, கீழிருந்து, பக்கவாட்டிலிருந்து என மூன்று கோணங்களிலும் வரைய வேண்டும். சற்றே சாய்ந்திருந்தாலும் வடிவம் வேறாகத் தோன்றும். வேலை முடிந்ததும் கிளிசரின் நிரப்பிய நுண்குப்பியில் போட்டு, அதே குளவியின் ஊசியிலேயே குத்தி வையுங்கள்.

9. டிஎன்ஏ: எப்போது, எவ்வளவு

ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்ப்பதற்கு டிஎன்ஏ மிகவும் உதவும். சிறகில்லாப் பெண் எந்த ஆணின் ஜோடி என்று உடல் வடிவத்தால் சொல்ல முடியாதபோது, இரண்டின் வரிசையும் பொருந்தினால் கேள்வி தீர்ந்துவிடும். ஒரு பக்கத்து நடுக்காலையோ பின்னங்காலையோ எடுத்தால் போதும். மறுபக்கத்துக் கால் விவரிப்புக்கு இருக்கட்டும். முன்னங்காலைப் பெண்ணிடமிருந்து எடுக்கவே கூடாது, மணல் சீப்பு அங்கேதான் இருக்கிறது. எடுக்கத் திட்டமிருந்தால் சில மாதிரிகளைப் பிடித்தவுடன் 95 சதவீத எத்தனாலில் போட்டு, குளிரில் வையுங்கள்.

பொதுவாகப் படிக்கப்படுவது செல்லின் உட்கருவுக்கு வெளியே மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சிஓஐ மரபணுவின் 658 எழுத்துகள் கொண்ட துண்டு. அதில் இத்தனை சதவீதம் வேறுபட்டால் புதிய இனம் என்று ஒரு கோடு கிழிக்காதீர்கள். வொல்பாகியா பாக்டீரியா தொற்றாலும், உட்கருவுக்குள் குடியேறிய போலிப் பிரதிகளாலும் இந்த மரபணு தவறான கதை சொல்லக்கூடும். உடல் அடையாளமும் மரபணுவும் ஒரே பக்கம் கை காட்டினால்தான் முன்னே செல்லுங்கள்.

10. உண்மையிலேயே புதியதா?

திறவுகோலில் எந்தப் பெயருக்கும் பொருந்தவில்லை என்பது புதியது என்பதற்குச் சான்றாகாது. திறவுகோல் உங்கள் பகுதியின் எல்லா இனங்களையும் அறியாமல் எழுதப்பட்டிருக்கலாம். பாலைவனங்கள் நாட்டு எல்லையைப் பார்ப்பதில்லை. பக்கத்து நாட்டில் வேறொரு பெயரில் நூறு வருடம் முன்பே உங்கள் குளவி விவரிக்கப்பட்டிருக்கலாம்.

ஆகவே அந்தப் பேரினத்தில், அந்த வறண்ட நிலத்தொடர் முழுவதிலும் இதுவரை வெளியான எல்லாப் பெயர்களையும் பட்டியலிடுங்கள். செல்லாது என்று ஒதுக்கப்பட்ட பெயர்களும் இதில் அடங்கும், ஏனென்றால் ஒதுக்கியதே தவறாக இருக்கலாம். ஒவ்வொன்றின் மூல விவரிப்பையும் படியுங்கள். பழையவை பல பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

19ஆம் நூற்றாண்டு விவரிப்புகள் பல நான்கைந்து வரிகள்தான், அதுவும் பெரும்பாலும் நிறம். அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. அந்தப் பெயர் எந்த ஒரு மாதிரிமேல் நிற்கிறதோ அந்த மூலமாதிரியைப் பார்க்க வேண்டும். அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று அறிந்து காப்பாளருக்கு எழுதுங்கள். "படம் அனுப்புங்கள்" என்று மட்டும் கேட்காமல், "கிளைபியஸ் நேர்முகமாக, புரோப்போடியம் மேலிருந்து, லேபிள்கள் அனைத்தும்" என்று கோணம் சொல்லிக் கேளுங்கள். பொதுவான ஒரு படம் வந்தால் உங்களுக்குத் தேவையான அடையாளம் அதில் நிழலில் இருக்கும்.

இந்தப் படியில் வேலை பெரும்பாலும் மகிழ்ச்சியாக முடிந்துவிடும்: உங்கள் குளவிக்கு ஏற்கனவே பெயர் இருக்கிறது என்று தெரியவரும். அறியப்படாத ஆணையோ, புதிய இடத்தையோ, இரையையோ பதிவு செய்தாலும் அது முழுமையான பங்களிப்புதான்.

11. விவரித்து எழுதுவது

இரண்டு பகுதிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். வேறுபடுத்தும் குறிப்பு என்பது சுருக்கமானது. மிக நெருங்கிய இரண்டு மூன்று இனங்களிலிருந்து இது எதனால் வேறுபடுகிறது என்று மட்டும் சொல்வது. விவரிப்பு என்பது தலை, மீசோசோமா, கால், சிறகு, மெட்டாசோமா என்ற வரிசையில் முழு உடலையும் சொல்வது. புதியவர்கள் விவரிப்பை மூன்று பக்கம் எழுதிவிட்டு வேறுபடுத்தும் குறிப்பை இரண்டு வரியில் முடிப்பார்கள். படிப்பவர் தேடுவது அந்த இரண்டு வரியைத்தான். அதற்கே அதிக நேரம் செலவிடுங்கள்.

விவரிப்பை ஒரே ஒரு மாதிரியை, அதாவது மூலமாதிரியாகத் தேர்ந்ததை, நுண்ணோக்கியின் கீழ் வைத்துக்கொண்டே எழுதுங்கள். மற்றவற்றில் காணும் மாற்றங்களை "வேறுபாடுகள்" என்று தனியாக எழுதுங்கள். இரண்டையும் கலந்தால், நாளை இந்த மாதிரிகளில் இரண்டு இனம் கலந்திருந்தது என்று தெரியவரும்போது, எந்த வரி எதைப் பற்றியது என்று யாராலும் பிரிக்க முடியாது.

மூலமாதிரியாகத் தேய்மானம் இல்லாத, முழுமையான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பேரினத்தில் எந்தப் பால் இனத்தைத் தெளிவாகப் பிரிக்கிறதோ அந்தப் பாலாக இருக்கட்டும். அதன் லேபிளைத் திருத்தாமல், எழுத்துக்கு எழுத்து அப்படியே கட்டுரையில் தாருங்கள்.

படங்கள்: முகம் நேராக, உடல் பக்கவாட்டில், மேலிருந்து, சிறகு, புரோப்போடியம், ஆணின் பிறப்புறுப்பு. ஒவ்வொன்றிலும் அளவுகோல் கட்டாயம். ஏற்கனவே உள்ள திறவுகோலில் உங்கள் இனம் எந்த இடத்தில் நுழையும் என்று திருத்திய வரிகளையும் சேர்த்தால், அடுத்தவர் அதை உடனே பயன்படுத்த முடியும்.

12. பெயரும் விதிகளும்

விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி புதிய இனம் என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். வேறுபடுத்தும் அடையாளங்களைச் சொற்களில் தர வேண்டும். மூலமாதிரியைத் தெளிவாகச் சுட்டி, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்று கூற வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் இதழ் என்றால், கட்டுரை முன்கூட்டியே விலங்குப் பெயர்களின் அதிகாரப்பூர்வ இணையப் பதிவேடான ஸூபேங்கில் பதிவாகி, அந்தப் பதிவுக்கான சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். இது 2012இல் சேர்ந்த விதி. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அந்தப் பெயர் விதிப்படி பெயரே ஆகாது.

பெயர்ச்சொல்லின் இலக்கணத்தில் கவனம் வேண்டும். உரிச்சொல்லாக வைத்தால் அது பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். ஃபிலாந்தஸ் ஆண்பால், செர்செரிஸ், பெம்பிக்ஸ், அம்மோபிலா மூன்றும் பெண்பால். மணலுக்குரியது என்ற பொருளில் ஃபிலாந்தஸோடு சேரும்போது அரினேரியஸ் என்றும், செர்செரிஸோடு சேரும்போது அரினேரியா என்றும் வரும். ஒருவரைப் பெருமைப்படுத்தி வைத்தால் ஆணுக்கு ஐ (i), பெண்ணுக்கு ஏஇ (ae) என்ற இலத்தீன் எழுத்துகள் ஈற்றில் வரும்.

அதே பேரினத்தில் அதே பெயர் முன்பே இருக்கிறதா என்று தேடுங்கள். செர்செரிஸ் அரினேரியா என்பது லின்னேயஸ் 1758இல் வைத்த பெயரிலிருந்து வருவது. அதை யாரும் மறுபடி வைக்க முடியாது. மணல், பாலை, வெயில் என்ற பொருளில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் சொற்கள் பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிட்டன. குளவியின் உடலில் நீங்கள் கண்ட ஓர் அடையாளத்தையே பெயராக்கினால், படிப்பவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்பதும் அதிலேயே கிடைத்துவிடும்.

13. ஒப்படைத்தல்

மூலமாதிரியில் சிவப்பு லேபிள் வையுங்கள். வழக்கமும் அதுதான், தவறுதலாக வேறு பெட்டிக்குப் போகாமல் காக்கவும் செய்யும். துணைமாதிரிகளை, அதாவது மூலமாதிரியோடு சேர்த்து நீங்கள் விவரித்த மற்ற மாதிரிகளை, ஒரே இடத்தில் குவிக்காமல் இரண்டு மூன்று பொது அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். தீயும் பூஞ்சையும் எந்தச் சேகரிப்புக்கும் வரலாம். குளவி பிடிபட்ட நாட்டின் சேகரிப்பு ஒன்றுக்கு ஒரு பங்காவது கட்டாயம் போக வேண்டும். அங்கே அடுத்து அதைத் தேடப்போகிறவர் அந்த மணலுக்கு அருகிலேயே இருப்பார்.

அனுப்பும்போது கனமான மாதிரிகளின் இருபுறமும் துணை ஊசி குத்துங்கள். பயணத்தில் ஒரு பெரிய குளவி ஊசியில் சுழன்றால் பெட்டியில் உள்ள மற்றவற்றின் உணர்கொம்புகளை எல்லாம் உடைத்துவிடும். பெட்டியைச் சுற்றி நான்கு விரல் தடிமனுக்குப் பஞ்சோ நுரையோ வைத்து, இன்னொரு பெரிய பெட்டிக்குள் போடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான பதிவு எண்கள் வந்ததும் அவற்றைக் கட்டுரையின் இறுதிப் படிவத்தில் சேர்த்து, அதன் பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.